பாதித் தலைக்கு டை, மீதிக்கு ராஜினாமா

வலது காது இன்னும் கருப்பாகத்தான் இருக்கிறது. தேங்காய் எண்ணெய் தேய்த்தாயிற்று, எலுமிச்சம்பழம் தேய்த்தாயிற்று, பிள்ளைகளின் பற்பசையைக்கூட அப்பிப் பார்த்தாயிற்று, போகமாட்டேன் என்கிறது. அந்தக் காதோடு உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். நியாயமாக எழுதுவேன் என்று யாரும் எதிர்பார்க்க வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமை பாண்டி கோயிலில் தங்கச்சி மகளுக்குக் காதுகுத்து. நான் தாய்மாமன். பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு அத்தனை சொந்தக்காரர்களின் போனுக்கும் முகம் கொடுக்க வேண்டியவன். அதனால்தான் காலை ஏழு மணிக்கே செல்லூரில் வழக்கமாகப் போகும் சலூனில் போய் உட்கார்ந்தேன். "டை மட்டும் தம்பி. ஒன்பதரைக்குக் கோயில்ல இருக்கணும்." "அரை மணி நேர வேலைண்ணே" என்றார். கிண்ணத்தில் கலக்கினார். வலது பக்கக் கிருதாவிலிருந்து ஆரம்பித்தார். உச்சந்தலை வரைக்கும் வந்தார்.

அந்த நேரம் பார்த்துப் பெஞ்சில் இருந்த ஒருவர், ஒரு அரசியல்வாதி ராத்திரியில் யாரோ ஒரு பெண்ணிடம் கொஞ்சிப் பேசுகிற அந்த ஆடியோவைப் போட்டார்.

எந்த ஆடியோ என்று கேட்காதீர்கள். உங்கள் போனுக்கும் வந்திருக்கும், நீங்களும் "ச்சீ" என்று சொல்லிக்கொண்டே கடைசி நொடிவரை கேட்டிருப்பீர்கள். நானும் இயர்போன் மாட்டி இரண்டு தடவை கேட்டவன்தான். எந்தக் கட்சிக்காரர் என்றும் சொல்ல மாட்டேன். எல்லாக் கட்சியிலும் அந்தக் குரல் ஒன்று இருக்கிறது, "சாப்ட்டியாம்மா" என்று குழைகிற அதே குரல். ஆனால் இயர்போனில் கேட்பதற்கு ஒரு மரியாதை இருக்கிறது இல்லையா? இவர் முழு சத்தத்தில் போட்டார். பள்ளிக்கூடப் பையன் ஒருவன் முடிவெட்ட வந்து மூலையில் உட்கார்ந்திருக்கிறான், அவன் அப்பா அவனைப் போய் டீ வாங்கி வரச் சொன்னார். டீக்கடையிலும் அதே ஆடியோதான் ஓடிக்கொண்டிருந்ததாம், அவன் வந்து சொன்னான்.

தம்பி பிரஷ்ஷை எடுத்துவிட்டுத் திரும்பினார். திரும்பினவர் திரும்பினவர்தான்.

ஏழு நாற்பது. "ராஜினாமா பண்ணித்தேன் ஆகணும்" என்றார் பெஞ்சின் ஓரத்தில் இருந்த பெரியவர், ரிட்டையர்டான பஸ் கண்டக்டர். "சாஸ்திரி பண்ணலையா?" என்று 1956க்குப் போய்விட்டார். அரியலூர் ரயில் விபத்து, மருதையாற்றுப் பாலம், நூற்றுக்கும் மேல் சாவு, ரயில்வே மந்திரி சாஸ்திரி ராஜினாமா, துணை மந்திரி அழகேசனைப் பார்த்து "ஆண்டது போதாதா, மக்கள் மாண்டது போதாதா" என்று அந்தக் காலத்தில் கோஷம் போட்டது எல்லாவற்றையும் ராகம் போட்டுச் சொன்னார். ஐயா, அது பாலம் உடைந்து ஜனம் செத்ததற்கு! இது ஒரு ஆள் ராத்திரி பதினோரு மணிக்கு யாரிடமோ கொஞ்சியதற்கு! இரண்டும் ஒன்றா என்று கேட்க வாயைத் திறந்தேன். தம்பி "ஆடாதீங்கண்ணே, காதுல பட்டுரும்" என்றார். ஏற்கெனவே பட்டிருந்தது.

ஏழு ஐம்பது. பக்கத்து நாற்காலியில் முகம் முழுக்க நுரையோடு இருந்தவர் எழுந்தே நின்றுவிட்டார். "மதுரைய எரிச்ச ஊருய்யா இது, கற்புன்னா சும்மாவா?" என்கிறார். இந்த வசனத்தை எத்தனை தடவைதான் கேட்பது! கண்ணகி எரித்தது தவறான தீர்ப்புக்கு. பாண்டியன் உயிரை விட்டது விசாரிக்காமல் ஒருவனைக் கொன்றதற்கு. பூம்புகாரில் புருஷன் மாதவி வீட்டிலேயே கிடந்தானே, அந்த வீட்டுக்கு அந்த அம்மாள் ஒரு தீக்குச்சி கூடக் கிழிக்கவில்லை. படுக்கை விவகாரம் வேறு, பதவி விவகாரம் வேறு என்று அந்தக் காலத்திலேயே பிரித்து வைத்த ஊர் ஐயா இது, ஒழுங்காகப் படித்தால் தெரியும். இதையும் நான் சொல்லவில்லை. பாதித் தலையில் டை அப்பிக் கழுத்தில் துணி கட்டியிருக்கிறவன் எதைச் சொன்னாலும் எடுபடாது.

எட்டு மணி. ஆடியோவில் பேசிய ஆளுக்கு வேண்டிய கட்சிக்காரப் பையன் ஒருவன் உள்ளே வந்தான். "அது ஏஐண்ணே" என்றான். முன்பெல்லாம் மார்ஃபிங் என்பார்கள், அதற்கு முன் மிமிக்ரி என்பார்கள், இப்போது ஏஐ. விஞ்ஞானம் வளர வளர நம் ஆட்களின் ஒழுக்கமும் வளர்ந்துகொண்டே போகிறது.

எட்டேகாலுக்கு நடந்ததுதான் என்னை இப்படி எழுத வைத்தது. நுரைக்காரர் கேட்டார், "பொம்பள யாருன்னு தெரிஞ்சுச்சா?" உடனே நாலு போன் வெளியே வந்தது. ஒருவர் ஒரு போட்டோவைக் காட்டினார். "இதுதேன்." இன்னொருவர் வேறொரு போட்டோவைக் காட்டினார். "இல்லப்பா, இதுதேன்." அது யாரோ ஒரு டீச்சரம்மா, ஆண்டு விழாவில் மைக் முன்னால் நிற்கிற படம், பின்னால் பிள்ளைகள் கூட இருக்கிறார்கள். யாருக்கும் ஒரு நொடிகூடச் சந்தேகம் வரவில்லை. ஃபார்வர்டு, ஃபார்வர்டு, ஃபார்வர்டு. ராஜினாமா கேட்டவர்களும், ஏஐ என்று சொன்னவனும், ஆக எல்லாக் கட்சியும் ஒற்றுமையாகச் செய்த ஒரே காரியம் அதுதான். "ஏப்பா, அது யாரு எவருன்னே தெரியாம..." என்றேன். "சும்மா பாக்குறதுக்குத்தேண்ணே" என்றான் பையன்.

அந்த ஆடியோக்காரர் ராஜினாமா செய்தால் ஆறு மாதத்தில் திரும்பி வந்துவிடுவார். அந்த டீச்சரம்மா எந்தப் பதவியை ராஜினாமா செய்துவிட்டுத் திரும்பி வருவார்?

சரி, என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன், சலூனில்தான் யாரும் கேட்கவில்லை. இரண்டு பேரும் வயது வந்தவர்கள், இரண்டு பேருக்கும் சம்மதம், நம் வரிப்பணத்தில் ஒரு ரூபாய் போகவில்லை, வேலையோ இடமாறுதலோ சீட்டோ யாரும் யாருக்கும் தரவில்லை என்றால் அவர் யாரோடு பேசினால் எனக்கென்ன? அவர் வீட்டுக்காரம்மா கேட்கட்டும், செருப்பால் அடிக்கட்டும், அது அவர்கள் வீட்டு வழக்கு. கள்ள உறவைக் குற்றமாக்கிய 497வது பிரிவையே 2018ல் உச்ச நீதிமன்றம் தூக்கிக் கடாசிவிட்டது. சட்டமே விட்டதை செல்லூர் சலூன் விடமாட்டேன் என்கிறது.

சம்மதம் இல்லையா? மிரட்டலா? தனக்குக் கீழே வேலை பார்க்கிற பெண்ணா? அப்போது எதற்கு ராஜினாமாவோடு நிறுத்துகிறீர்கள்? எஃப்ஐஆர் போடுங்கள், ஜெயிலுக்கு அனுப்புங்கள். திருடனைப் பிடித்து "நீ திருடன் பதவியை ராஜினாமா செய்" என்றா சொல்வோம்? கர்நாடகத்தில் ஹாசன் எம்பியாக இருந்த பிரஜ்வல் ரேவண்ணாவுக்கு 2025 ஆகஸ்டில் ஆயுள் தண்டனை கொடுத்தார்களே, அது பாலியல் வன்கொடுமை வழக்கு. அதை "சல்லாப வீடியோ" என்று சொன்ன வாய்களை எதனால் கழுவுவது? அங்கேயும் இதே கூத்துதான், பென் டிரைவில் அந்த வீடியோக்களை ஊர் முழுக்கப் பரப்பியவர்கள் பெண்களின் முகத்தை மறைக்கக்கூட இல்லை. தப்பு செய்தவன் ஒருவன், படம் காட்டியவர்கள் ஆயிரம் பேர்.

இவ்வளவு தூரம் எதற்குப் போக வேண்டும், நம் பக்கத்து அருப்புக்கோட்டை. 2018ல் கல்லூரி மாணவிகளை "பெரிய இடத்துக்கு" என்று வலைவிரித்த அந்த போன் உரையாடலை நாமெல்லாம் கேட்டோம். அதில் பேசிய பேராசிரியைக்கு 2024ல் பத்து வருஷம் ஜெயில், வழக்கில் இருந்த மற்ற இருவரும் விடுதலை. அந்தப் பெரிய இடம் எது என்று எந்த சலூனிலாவது கேட்டார்களா? ராஜினாமா செய்யச் சொல்வதற்குக்கூட ஒரு பெயர் கிடைக்கவில்லை.

அதோடு இந்த ராஜினாமாவைப் போல ஒரு சொகுசான தண்டனை உண்டா? 2012ல் கர்நாடக சட்டசபைக்குள்ளேயே ஆபாசப் படம் பார்த்த விவகாரத்தில் மூன்று மந்திரிகள் ராஜினாமா செய்தார்கள். அதில் லட்சுமண் சவதி 2019ல் துணை முதல்வர். ராஜினாமாவா, இன்கிரிமென்ட்டோடு லீவா? ஆந்திர ஆளுநராக இருந்த என்.டி. திவாரி 2009ல் டிவியில் வீடியோ வந்ததும் போனார். காரணம் என்ன சொன்னார் தெரியுமா? உடல்நிலை. வயது எண்பத்து நாலு. அந்த வயதில் உடல்நிலை நன்றாகத்தானே இருந்திருக்கிறது என்று அப்போதே எங்கள் தெருவில் ஒருவர் கேட்டார், பதில் இல்லை.

வெள்ளைக்காரனை மட்டும் யோக்கியன் என்று நினைத்துவிடாதீர்கள், ஆனால் அவன் கணக்கு கொஞ்சம் தெளிவு. 1963ல் பிரிட்டனில் போர் மந்திரி புரொஃபுமோ ராஜினாமா செய்தது ஒரு பெண்ணோடு பழகியதால் வந்த வினைதான் என்றாலும், அவரை வீழ்த்தியது அப்படி ஒன்றும் இல்லை என்று பார்லிமென்டில் பொய் சொன்னது. போன மனுஷன் திரும்பி வரவே இல்லை. லண்டன் கிழக்குப் பகுதியில் ஒரு தொண்டு இல்லத்தில் பல பத்தாண்டுகள் சம்பளமில்லாமல் உழைத்தார். 2021ல் அதே ஊர் சுகாதார மந்திரி மாட் ஹான்காக், கொரோனா நேரத்தில் உதவியாளரை முத்தமிட்டது கேமராவில் மாட்டி, போனார். எதற்கு? ஊருக்கெல்லாம் இடைவெளி விடு என்று உத்தரவு போட்டுவிட்டுத் தான் விடாததற்கு. பேசிய பேச்சுக்கும் போட்ட உத்தரவுக்கும் மாறாக நடந்தால் கேள், அது நியாயம். நம் ஊரில் அப்படிக் கேட்க ஆரம்பித்தால் சட்டசபையில் காபி கொடுப்பவர்தான் மிச்சம் இருப்பார்.

சரி, தலைக்கு வருவோம். எட்டரை ஆகிவிட்டது. "தம்பி, இந்தப் பக்கம்?" என்றேன். கிண்ணத்தைப் பார்த்தார், டை காய்ந்து கட்டியாகியிருந்தது. பாக்கெட் வேறு தீர்ந்துபோச்சாம். டீ வாங்கப் போன அதே பையனைக் கடைக்கு அனுப்பினார்கள். தெருவில் குழாய்க்குத் தோண்டிய பள்ளத்தைச் சுற்றித்தான் போக வேண்டும், தோண்டி மூடாமல் எட்டு மாதமாகிறது, அதற்காக அங்கே யாரும் யாரையும் எந்தப் பதவியிலிருந்தும் இறங்கச் சொன்னதில்லை. பையன் சுற்றிப்போய்ச் சுற்றிவந்து ஒரு பாக்கெட் கொடுத்தான். தம்பி டிவியைப் பார்த்துக்கொண்டே கலக்கி, டிவியைப் பார்த்துக்கொண்டே பூசி, டிவியைப் பார்த்துக்கொண்டே கழுவிவிட்டார்.

பர்கண்டி.

வலது பக்கம் கருப்பு. இடது பக்கம் சிவப்பு. நடுவில் இரண்டுக்கும் அகப்படாமல் ஒரு விரல் அகலத்துக்கு நரை. கண்ணாடியில் நானே ஒரு கட்சிக் கொடி. எந்தக் கட்சி என்பதில் கோயிலில் இரண்டு அணி ஆகிவிட்டார்கள். நடுவில் வெள்ளை இருப்பதால் அண்ணா படம் ஒன்றுதான் குறை என்று ஒரு சித்தப்பா, அது வெறும் வகிடு, கணக்கில் வராது என்று இன்னொரு சித்தப்பா. மடியில் உட்கார்ந்த பிள்ளை காது குத்துவதற்கு முன்பே என் தலையைப் பார்த்து அழ ஆரம்பித்துவிட்டது.

பதினோரு மணிக்குச் சிறப்பு விருந்தினர் வந்தார். ஆமாம், அவரேதான். மாப்பிள்ளை இரண்டு மாதம் முன்பே பத்திரிகை வைத்திருக்கிறார், வாசலில் இருபதடி ஃப்ளெக்ஸில் என் படத்தைவிடப் பெரிதாக அவர் படம். வெள்ளை வேட்டி, நெற்றியில் விபூதி, பக்கத்தில் வீட்டுக்காரம்மா, பின்னால் பத்துப் பேர். ராஜினாமாவும் இல்லை, உடல்நிலைக் குறைவும் இல்லை. வரிசையில் நின்று செல்ஃபி எடுத்தவர்களில் முதல் ஆள் யார்? சலூன் நுரைக்காரர்! எங்கள் மாப்பிள்ளைக்கு ஒன்றுவிட்ட அண்ணனாம், அப்போதுதான் தெரிகிறது. "அண்ணே, நாங்கள்லாம் ஒங்க பக்கந்தேன்" என்று கையைப் பிடித்துக்கொண்டு சொல்கிறார். கன்னத்தில் ஒரு பக்கம் இன்னும் சரியாக மழிக்கவில்லை.

அவர் மேடைக்கு வந்தார். பிள்ளை கையில் ஐந்நூறு ரூபாயைத் திணித்தார். என் தலையைப் பார்த்தார், சிவப்பைப் பார்த்தார், கருப்பைப் பார்த்தார், தோளில் தட்டி "நல்லா இருக்கீங்களா" என்றார். அதே குரல். ஏஐ எல்லாம் இல்லை. எனக்கு அடக்க முடியாமல் சிரிப்பு வந்துவிட்டது, அந்த நேரம்தான் போட்டோகிராபர் கிளிக் பண்ணியிருக்கிறார். அந்தப் படம்தான் இப்போது குடும்ப குரூப்பில் முகப்புப் படம்.

இதெல்லாம் கூடப் போகட்டும். தாய்மாமன் என்று மொய் ஐயாயிரத்து ஒன்று வைத்தேன், கடன் வாங்கி. மைக்கில் "செல்லூர் தாய்மாமன் ஐந்நூற்று ஒன்று" என்று வாசித்தார்கள். ஓடிப்போய்ப் பார்த்தால் மொய் நோட்டிலும் 501. எழுதினவர் ஆடியோ கேட்டுக்கொண்டே எழுதியிருக்கிறார். "பேனா ஓடலண்ணே, அடுத்த விசேஷத்துல சரி பண்ணிக்கலாம்" என்கிறார். அடுத்த விசேஷம் எனக்குத் தெரிந்து இவள் சடங்குதான், அதற்கு இன்னும் பத்து வருஷம் இருக்கிறது.