‘நிறுத்திவைக்கிறேன்’ என்ற சொல்லின் விலை

அமெரிக்க அதிபர் வேட்பாளர்கள் போட்டியை விட்டுப் போகும்போது ‘விலகுகிறேன்’ என்று பெரும்பாலும் சொல்வதில்லை. ‘பிரசாரத்தை நிறுத்திவைக்கிறேன்’ என்பார்கள். நம் செய்திச் சேனல்கள் இரண்டையும் ஒன்றாக்கி ‘விலகினார்’ என்று ஓட்டிவிடும். அங்கே நடக்கும் மருத்துவக் காப்பீட்டுச் சண்டையைத் தொடர்ந்து பார்க்கிறவர்களுக்கோ அந்த ஒரு சொல்லில்தான் பேரத்தின் சூட்சுமமே இருக்கிறது.

ஜனநாயகக் கட்சியின் விதி இது. முதற்கட்டத் தேர்தலில் 15 சதவீதம் வாக்கு வாங்கினால், அதிபர் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் கட்சி மாநாட்டில் வாக்களிக்கப் பிரதிநிதிகள் கிடைப்பார்கள். மாவட்ட அளவில் ஜெயித்த பிரதிநிதிகள் வேட்பாளருக்கே சொந்தம். மாநில அளவிலான இடங்களுக்கு ஆட்களைப் பிறகுதான் தேர்ந்தெடுப்பார்கள். அந்த நேரத்தில் அவர் வேட்பாளராக இல்லையென்றால் அவருடைய பங்கு மற்றவர்களுக்குப் போய்விடும். கொள்கை அறிக்கை எழுதும் குழுவில் தோற்றுப்போன ஒரு கோரிக்கையை மாநாட்டு மேடைக்குக் கொண்டுபோக வேண்டுமானால் அந்தக் குழுவில் 25 சதவீதம் பேர் கூட நிற்க வேண்டும். முழுசாக விலகிவிட்டவர் இந்தக் கணக்கு எல்லாவற்றிலும் இளைத்துப்போவார்.

2016, 2020 இரண்டு முறையும் ஜனநாயகக் கட்சியின் அதிபர் வேட்பாளர் போட்டியில் நின்று தோற்ற செனட்டர் (மேலவை உறுப்பினர்) பெர்னி சாண்டர்ஸுக்கு இது அத்துப்படி. 2020 ஏப்ரல் 8 அன்று பிரசாரத்தை நிறுத்தினார், ஆனால் மீதி மாநிலங்களின் வாக்குச்சீட்டில் தன் பெயர் இருக்கும் என்றும் அறிவித்தார். மறுநாளே போட்டியில் முந்தியிருந்த ஜோ பைடன், மூத்தோருக்கான அரசுக் காப்பீடான மெடிக்கேரில் சேரும் வயதை 65இலிருந்து 60 ஆகக் குறைப்பதாக வாக்குக் கொடுத்தார். அந்த மாதக் கடைசியில், மாநில அளவிலான பிரதிநிதிகளை சாண்டர்ஸே வைத்துக்கொள்ளலாம் என்று இரு தரப்பும் ஒப்பந்தம் போட்டன. மே மாதம் ஆறு கூட்டுக் குழுக்கள் அமைந்தன. மருத்துவக் குழுவில் எட்டுப் பேர், பைடன் பக்கம் ஐந்து, சாண்டர்ஸ் பக்கம் மூன்று. இணைத் தலைவர்கள் விவேக் மூர்த்தியும், சென்னையில் பிறந்த பிரமிளா ஜெயபாலும். ஜூலையில் வந்த 110 பக்க அறிக்கையில் தனியாரோடு போட்டியிட அரசே நடத்தும் காப்பீட்டுத் திட்டம், மெடிக்கேர் வயது 60, பிரீமியம் வருமானத்தில் 8.5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்ற உச்சவரம்பு, மூன்றும் இருந்தன. எல்லோருக்கும் ஒரே அரசுக் காப்பீடு என்ற சாண்டர்ஸின் மூலக் கோரிக்கை மட்டும் இல்லை. கொள்கை அறிக்கைக் குழுவிலும் அது பெரும் வித்தியாசத்தில் தோற்றது.

சரி, காகிதத்தில் இருந்ததெல்லாம் என்ன ஆயிற்று? 8.5 சதவீத வரம்பு 2021 மார்ச்சில் சட்டமானது. அதற்கு முன் வறுமைக்கோட்டு வருமானத்தைப் போல நான்கு மடங்குக்கு ஒரு டாலர் கூடினாலும் பிரீமியத்துக்கு அரசு தரும் மானியம் மொத்தமாக நின்றுவிடும். அந்தப் பள்ளத்தைத் தூர்த்ததில் பலருக்குப் பெரிய நிம்மதி. ஆனால் இதை சாண்டர்ஸ் கணக்கில் எழுதுவது தப்பு. அந்த வரம்பு 2019இலேயே பைடனின் சொந்தத் திட்டத்தில் இருந்தது. தற்காலிகமாகத்தான் கொடுத்தார்கள், 2025 முடிவோடு அதுவும் காலாவதியாகிவிட்டது. மெடிக்கேர் வயது 60ஆ? அரசுக் காப்பீட்டுத் திட்டமா? செனட்டில் வாக்கெடுப்பு வரைகூடப் போகவில்லை.

காரணம் பைடனின் மனசு மாறியது மட்டுமல்ல. தனியார் காப்பீடு தருவதைவிட மெடிக்கேர் மருத்துவமனைகளுக்குக் குறைவாகத்தான் தருகிறது. 60 முதல் 64 வயது வரை உள்ளவர்கள் தனியாரிலிருந்து மெடிக்கேருக்கு மாறினால் மருத்துவமனைகளின் வரவு விழும். மருத்துவமனை லாபி சும்மா இருக்குமா? அடுத்தது செனட் கணக்கு. சாதாரண மசோதாவுக்கு 60 வாக்கு வேண்டும். 51 போதும் என்றால் பட்ஜெட் மசோதா வழியாக வர வேண்டும். அந்த வழியில் அரசின் வரவு செலவை நேரடியாகத் தொடாத எதையும் செனட்டின் விதி ஆலோசகர் கத்தரித்துவிடலாம்.

இந்தக் கத்தரி எப்படி விழும் என்பதற்கு இன்சுலினைப் பாருங்கள். 2022 ஆகஸ்டில் வந்த சட்டத்தில் இன்சுலினுக்கு மாதம் 35 டாலர் என்று வரம்பு வைத்தார்கள். மெடிக்கேரில் இருப்பவருக்கு வைத்தால் அது அரசுச் செலவு, ஆகவே நின்றது. தனியார் காப்பீட்டில் இருப்பவருக்கும் அதே வரம்பு என்ற வாசகம் செனட் விதிக்குப் பொருந்தாது என்று தீர்ப்பாயிற்று. அதைத் தாண்ட 60 வாக்கு தேவை, கிடைத்தது 57. அதே மருந்து, அதே விலைப் பிரச்சினை. வயது 65 தாண்டியவருக்கு ஒரு நியாயம், 40 வயதுக்காரருக்கு வேறு நியாயம்.

அந்தச் சட்டம் 51க்கு 50 என்று நிறைவேறியது. 51வது வாக்கு அப்போதைய துணை அதிபர் கமலா ஹாரிஸுடையது. 2019இல் அதிபர் போட்டியில் நின்றபோது எல்லோருக்கும் மெடிக்கேர் என்று தனியாக ஒரு திட்டம் போட்டு, டிசம்பரில் பிரசாரத்தை நிறுத்திவைத்தவர். மேலே ஏற ஏற அந்தத் திட்டத்தைக் கறிவேப்பிலையாக ஒதுக்கிவிட்டார்.

என் கணக்குப்படி, போட்டியில் தோற்ற வேட்பாளருக்குக் கட்சி அறிக்கையில் கிடைக்கும் பத்தியைவிட செனட்டில் அவர் கையில் இருக்கும் ஒரு வாக்கு கனமானது. 2016இல் சாண்டர்ஸிடம் 1,800க்கும் மேற்பட்ட பிரதிநிதிகள். அவருடைய ஆதரவு அறிவிப்பு வருவதற்கு மூன்று நாள் முன்பு, ஜூலை 9 அன்று, ஹிலாரி கிளிண்டன், சாண்டர்ஸ் கேட்டுவந்த சமுதாய சுகாதார மையங்களுக்குப் பத்தாண்டுகளில் 4,000 கோடி டாலர் என்று அறிவித்தார். ஹிலாரி தோற்றார், கதை முடிந்தது. ஆனால் அதிபர் ஒபாமாவின் 2010 மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்தில் அதே மையங்களுக்கு 1,100 கோடி டாலர் நிஜமாகவே போனது. அப்போது சாண்டர்ஸ் தேவைப்பட்ட அறுபது வாக்குகளில் ஒருவர், அவ்வளவுதான்.

அப்படியானால் பிரசாரமே வீணா என்றால், இல்லை. 2013இல் அவர் எல்லோருக்குமான அரசுக் காப்பீட்டு மசோதா கொண்டுவந்தபோது கூடக் கையெழுத்துப் போட ஒரு செனட்டரும் வரவில்லை. தோற்றுத் திரும்பிய பிறகு, 2017இல், பதினாறு பேர். அதில் ஹாரிஸ், எலிசபெத் வாரன், கோரி புக்கர், கில்லிபிராண்ட் நால்வரும் அடுத்த அதிபர் போட்டியில் நின்றவர்கள்.

இதைவிட சுவாரசியமானது 2008 ஜனநாயகக் கட்சிப் போட்டி. களத்தில் ஹிலாரி, ஒபாமா, ஜான் எட்வர்ட்ஸ். எட்வர்ட்ஸ் 2007 பிப்ரவரியிலேயே முழு வரைவோடு வந்துவிட்டார்: எல்லோரும் காப்பீடு வாங்கியாக வேண்டும், முடியாதவருக்கு மானியம், தனியாரோடு போட்டியிட ஓர் அரசுத் திட்டம். செப்டம்பரில் ஹிலாரியும் கிட்டத்தட்ட அதையே வைத்தார். ஒபாமா மட்டும் குழந்தைகளுக்குத்தான் கட்டாயம் என்றார். 2008 ஜனவரி 30 அன்று எட்வர்ட்ஸ் பிரசாரத்தை நிறுத்திவைத்தார். பிப்ரவரியில் ஒபாமா தரப்பு வீடு வீடாக ஒரு துண்டறிக்கை அனுப்பியது. மேசையில் உட்கார்ந்து கவலைப்படும் ஒரு தம்பதி, கட்ட வசதியில்லாவிட்டாலும் ஹிலாரி உங்களைக் கட்டாயப்படுத்துவார் என்ற வாசகம். 1993–94இல் கிளிண்டன் திட்டத்தைக் கவிழ்க்கக் காப்பீட்டு நிறுவனங்கள் ஓட்டிய விளம்பரத்தின் அச்சு அசல். ‘வெட்கமாக இல்லையா ஒபாமா’ என்று ஹிலாரி ஒஹையோவில் வெடித்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

ஜெயித்தவர் ஒபாமா. சட்டமானதோ தோற்ற இருவரின் யோசனை. ஏற்கெனவே நோய் உள்ளவருக்கும் காப்பீடு மறுக்கக் கூடாது என்று விதி போட்டுவிட்டு வாங்குவதை விருப்பத்துக்கு விட்டால், ஆரோக்கியமானவர் நோய் வரும் வரை காத்திருப்பார். நோயாளிகள் மட்டும் சேர்ந்தால் பிரீமியம் ஏறும், ஏறினால் இன்னும் சிலர் கழன்றுகொள்வார்கள். இந்தக் கணக்கை 2009இல் ஒபாமாவும் ஒத்துக்கொள்ள வேண்டியதாயிற்று. 2014இல் 95 டாலர் அல்லது வருமானத்தில் 1 சதவீதம் என்று தொடங்கிய அபராதம், 2016இல் 695 டாலர் அல்லது 2.5 சதவீதமானது. இரண்டில் எது கூடுதலோ அது. ஆனால் துண்டறிக்கையின் வாசகத்தைத் திரும்ப வாங்க முடியாதே. அதே வாதத்தைத்தான் குடியரசுக் கட்சி பிறகு ஆண்டுக்கணக்கில் பேசியது. 2017 வரிச் சட்டத்தில் அபராதத்தைச் சுழியமாக்கினார்கள், 2019 முதல் அமல்.

இதெல்லாம் தோற்றவர் எதையாவது எழுதி வாங்கிய கதை. 2024இல் நடந்தது வேறு ரகம். சுயேச்சை வேட்பாளர் ராபர்ட் கென்னடி ஜூனியர் ஆகஸ்ட் 23 அன்று ஃபீனிக்ஸில் பிரசாரத்தை நிறுத்திவைத்து டிரம்பை ஆதரித்தார். அவரிடம் பேரம் பேச ஒரு கட்சிப் பிரதிநிதியும் இல்லை, இருந்தது இழுபறி மாநிலங்களில் வாக்கு பிரிக்கும் சக்தி மட்டும். 2025 பிப்ரவரியில் 52க்கு 48 வாக்கில் சுகாதாரத் துறைச் செயலரானார். மெடிக்கேர் உட்பட எல்லாம் அந்தத் துறைக்குக் கீழே.

ஜூன் மாதம் தடுப்பூசி ஆலோசனைக் குழுவின் 17 உறுப்பினர்களையும் மொத்தமாக நீக்கினார். இதைத் தடுப்பூசிச் சண்டையாக மட்டுமே எழுதுகிறார்கள், காப்பீட்டுச் சங்கதி அடியில் இருக்கிறது. ஒபாமா சட்டத்தில் ஒரு பிரிவு, இந்தக் குழு பரிந்துரைத்து அரசு ஏற்கும் தடுப்பூசிகளைத் தனியார் காப்பீடுகள் நோயாளியிடம் காசு வாங்காமல் தர வேண்டும் என்கிறது. பட்டியல் சட்டத்தில் இல்லை, குழுவின் கையில் இருக்கிறது. சட்டத்தில் ஒரு எழுத்தைக்கூட மாற்றாமல், அறுபது வாக்கும் தேடாமல், எதற்கு இலவசம் எதற்கு இல்லை என்பதை அந்த மேசையிலிருந்தே மாற்றிவிடலாம்.