சேற்றில் யாரும் விழவில்லை

மாமா: காசைத் திருப்பிக் கொடு தம்பி. ஒருத்தன்கூடச் சேற்றில் விழவில்லை.

தம்பி: எந்தச் சேற்றில் மாமா?

மாமா: பென்டிரைவில் ஒரு ஜப்பான் படம் ஏற்றிக் கொடுத்தாயே, அதில்தான். கரண்ட் இருக்கும்போதே பார்த்துவிடலாம் என்று பேரனையும் கூட்டிக்கொண்டு, சாப்பிட்டுக்கொண்டிருந்த மொகிங்கா நூடுல்ஸைப் பாதியில் வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது, உருண்டு வருகிற பாறையும் இல்லை, ஆடுகிற பாலமும் இல்லை, தண்ணீரில் ஒருத்தனாவது தொபுக்கடீர் என்று விழுந்தானா என்றால் அதுவும் இல்லை.

தம்பி: நீங்கள் என்ன கேட்டீர்கள்? "டகேஷிஸ் காசில்னு டிவியில எல்லாரும் சேத்துல விழுற ஜப்பான் போட்டி வருமே, அதுல கோட்டைக்குச் சொந்தக்காரனா வருவானே, அந்தக் காமெடி ஆள் எடுத்த படம் இருந்தா போடு" என்றீர்கள். போட்டேன். டகேஷி கிட்டானோ முதன்முதலாக டைரக்ட் செய்த படம், 1989. பெயரே 'வயலண்ட் காப்'.

மாமா: பெயரை யார் படித்தது? மூஞ்சியைப் பார்த்து வாங்கினேன்.

தம்பி: மூஞ்சியை மாற்றியா கொடுத்தேன்?

மாமா: மூஞ்சி அதேதான், ஆனால் சிரிக்கவே மாட்டேன் என்கிறானே. போலீஸ்காரனாக வருகிறான். எடுத்த எடுப்பிலேயே பொடிப் பையன்கள் சேர்ந்து ரோட்டில் கிடக்கிற ஒரு வயசாளியைப் போட்டு அடிக்கிறார்கள். நான் பேரனிடம், "இப்போ பாருடா, எல்லாரும் சேற்றில் விழப்போகிறான்கள்" என்றேன். எங்கே விழுந்தான்கள்? இவன் ஒரு பையனின் வீட்டுக்கே போய், அவனுடைய ரூமில் வைத்து அறைகிறான். கைதட்டுவதா, பேரன் கண்ணைப் பொத்துவதா என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன்.

தம்பி: அத்தை என்ன சொன்னார்கள்?

மாமா: அவளுக்கென்ன, அந்தப் பையனுக்கு விழுந்த அறை சரிதான் என்றாள். அது கிடக்கட்டும். எந்த இடத்தில் சிரிக்க வேண்டும் என்று நீ சொல்லவே இல்லையே?

தம்பி: அதில் சிரிக்கத் தேவையில்லை மாமா.

மாமா: காமெடியன் படத்தில் சிரிக்கத் தேவையில்லையா? எனக்கா அந்த ஆளைத் தெரியாது? டிஷ்ஷில், போகோ சேனலில், ஜாவேத் ஜாஃப்ரி இந்தியில் பேசிக்கொண்டே போவானே, இந்தி ஒரு வார்த்தை புரியாமலேயே வீட்டில் அத்தனை பேரும் வயிறு வலிக்கச் சிரித்திருக்கிறோம்.

தம்பி: ஜப்பானில் அந்த நிகழ்ச்சி 1986-இல் ஆரம்பித்து 1990-இல் முடிந்துபோனது. நீங்கள் இங்கே அதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்த நேரத்தில் அவர் வெனிஸ் பட விழாவில் தங்கச் சிங்கமே வாங்கிவிட்டார்.

மாமா: சிங்கமா? அதையும் சேற்றில் தள்ளினானா?

தம்பி: பரிசு மாமா, பரிசு. 1997-இல், 'ஹனா-பி' என்ற படத்துக்கு.

மாமா: சரி, உள்ளதைச் சொல். டிவியில் யாரும் கூப்பிடவில்லை, அதனால்தானே டைரக்டர் ஆனான்?

தம்பி: கூப்பிட்டுக்கொண்டேதான் இருந்தார்கள். அந்தப் போலீஸ் படத்தை முதலில் கின்ஜி ஃபுகசாகு என்கிற பெரிய டைரக்டர் எடுப்பதாக இருந்தது. அவர் விலகிவிட்டார். ஹீரோவாக இருந்த இவரையே எடுக்கச் சொல்லிவிட்டார்கள்.

மாமா: ஆள் கிடைக்காமல் இவன் தலையில் கட்டினார்கள் என்று சொல்.

தம்பி: ஆமாம், கோயில் கமிட்டியில் நீங்கள் பொருளாளர் ஆன மாதிரிதான். ஆனால் அவர் அதற்கப்புறம் வேலையைக் கற்றுக்கொண்டார்.

(இந்த இடத்தில் கரண்ட் போனது. ரங்கூனில் இதற்கெல்லாம் யாரும் பேச்சை நிறுத்துவதில்லை. விசிறி மட்டும் நின்றது.)

மாமா: சிரிக்காமல் இருப்பதற்கு உடம்பில் ஏதாவது கோளாறா? மோட்டார் சைக்கிளில் விழுந்து பாதி முகம் வராமல் போய்விட்டதாமே, என் மச்சான் சொன்னான்.

தம்பி: உண்மைதான், ஆனால் அந்த விபத்து 1994-இல் நடந்தது. 1989 படத்தில் அவர் ஏன் சிரிக்கவில்லை என்பதற்கு அதை எப்படி மாமா காரணம் காட்டுவீர்கள்?

மாமா: முன்னாலேயே பழகியிருப்பான்.

தம்பி: (பெருமூச்சு) விபத்துக்குப் பிறகு வீட்டில் இருந்தபோது படம் வரைய ஆரம்பித்தார். தங்கச் சிங்கம் வாங்கிய படத்தில் வருகிற ஓவியங்கள் எல்லாம் அவரே வரைந்தவை.

மாமா: அப்போது ஓவியனும் ஆகிவிட்டான். காமெடிக்கு எப்போதுதான் வருவான்?

தம்பி: வந்தார். 1995-இல் 'கெட்டிங் எனி?' என்று முழுக்க முழுக்கக் கூத்தடிக்கிற படம் ஒன்று. அந்த ஊரிலேயே அது எடுபடவில்லை.

மாமா: அதில் சேறு?

தம்பி: சேற்றைவிட மோசமானதெல்லாம் உண்டு, பேரனோடு பார்க்க முடியாது. இதையும் கேளுங்கள், நடிக்கும்போது பீட் டகேஷி, டைரக்ட் செய்யும்போது டகேஷி கிட்டானோ, இப்படி இரண்டு பெயர் வைத்திருக்கிறார் மனிதர். எதற்கு? உங்களைப் போன்றவர்களுக்காகத்தான்.

மாமா: இரண்டு பெயரில் எவனிடம் காசு கேட்பது?

தம்பி: 1983-இல் நடந்த ஒன்றைச் சொல்கிறேன், கேட்டுவிட்டுக் காசு கேளுங்கள். அவர் அப்போது டிவியில் பெரிய காமெடியன். ஒஷிமா என்கிற டைரக்டர் தன் போர்க் கைதிகள் படத்தில் அவருக்கு ஒரு சார்ஜென்ட் வேஷம் கொடுத்தார். முரட்டு ஆள், கடைசியில் மரண தண்டனைக்குப் போகிறவன். நன்றாகச் செய்துவிட்டோம் என்று நினைத்து, ஜனங்கள் எப்படிப் பார்க்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள தியேட்டருக்கே போய் உட்கார்ந்தாராம். இவர் மூஞ்சி திரையில் வந்ததும் தியேட்டரே சிரித்ததாம். வசனம்கூடப் பேசவில்லை மாமா, மூஞ்சிதான் வந்தது.

மாமா: பின்னே, சிரிக்க மாட்டானா? நானாக இருந்தாலும் சிரித்திருப்பேன்.

தம்பி: நீங்கள் சிரித்துத்தான் இருக்கிறீர்கள்.

மாமா: எங்கே?

தம்பி: போன வருஷம். தீமிதித் திருவிழா நாடகத்தில் காமெடி வேஷம் போடுவானே நம் பையன், இப்போதுகூட போனிலேயே குறும்படம் எடுக்கிறேன் என்று அலைகிறானே, அவனுடைய அப்பா தவறினார் இல்லையா? பாடை கட்டிக்கொண்டிருக்கிறார்கள், அவன் தூணைப் பிடித்துக்கொண்டு அழுகிறான், பெஞ்சில் உட்கார்ந்திருந்த நாலு பேர் வாயில் துண்டை வைத்துக்கொண்டு குலுங்கினார்கள். மூன்றாவது ஆள் நீங்கள்.

மாமா: அவன் மேடையில் அழுவதும் அப்படித்தானே இருக்கும்! அதே மூக்கு, அதே "ஐயோ". நான் என்ன செய்வேன்?

தம்பி: அழுகிறவன் உங்களுக்காக வேறு மூக்கு வைத்துக்கொண்டு வர வேண்டுமா? அதோடு விட்டீர்களா? பதினாறாம் நாள் சாப்பாட்டில் அவனைப் பக்கத்தில் கூப்பிட்டு, "மனசு பாரமா இருக்குடா, ஒண்ணு எடுத்து விடு" என்றீர்கள்.

மாமா: ஆறுதலுக்குத்தான் சொன்னேன்.

தம்பி: யாருடைய ஆறுதலுக்கு? அவன் குறும்படம் எடுத்து வந்து காட்டினானே, ஒரு கிழவர் மருந்துக் கடை வாசலில் காத்துக்கொண்டிருக்கிற கதை, பத்து நிமிஷம்தான், அதை இந்த லேப்டாப்பில்தான் பார்த்தீர்கள், பார்த்து முடித்துவிட்டு நீங்கள் கேட்ட ஒரே கேள்வி என்ன, ஞாபகம் இருக்கிறதா?

மாமா: எந்த இடத்தில் சிரிக்க வேண்டும் என்று கேட்டேன். நியாயமான கேள்விதானே.

தம்பி: இந்த நாட்டில் காமெடியனை சீரியஸாக எடுத்துக்கொண்டது அரசாங்கம் மட்டும்தான் மாமா. ஸர்கனார் பல் டாக்டருக்குப் படித்தவர், மேடையில் ஜனங்களைச் சிரிக்க வைத்தவர், நடித்தார், படமும் இயக்கினார். 2008-இல் நர்கிஸ் புயல் அடித்தபோது ஆட்களைச் சேர்த்துக்கொண்டு ஐராவதி டெல்டாவுக்கு அரிசி கொண்டுபோனார், அங்கே பார்த்ததை வெளிநாட்டுப் பத்திரிகைகளிடம் சொன்னார். 59 வருஷம் ஜெயில் என்று தீர்ப்பு எழுதினார்கள். பிறகு 35 ஆகக் குறைத்தார்கள், 2011-இல் விட்டார்கள். தீர்ப்பு எழுதியவர் எங்கே சிரிக்க வேண்டும் என்று யாரையும் கேட்கவில்லை.

மாமா: மெதுவாகப் பேசு. கடை நடத்த வேண்டாமா உனக்கு?

தம்பி: கரண்ட் இல்லாத கடையில் யாருக்கு மாமா கேட்கும்?

மாமா: அதெல்லாம் விடு. பேரனோடு பார்க்கிற மாதிரி அந்த ஆள் ஒன்றுமே எடுக்கவில்லையா?

தம்பி: 'கிகுஜிரோ' இருக்கிறது, 1999. கோடை லீவில் ஒரு பையன் அம்மாவைத் தேடிப் போகிறான், துணைக்கு ஓர் உருப்படாத ஆள் போகிறான். தாராளமாகப் பார்க்கலாம்.

மாமா: துப்பாக்கி?

தம்பி: சண்டைப் படம் இல்லை மாமா, பயப்படாதீர்கள்.

மாமா: அப்படியானால் இது பேரனுக்கு மட்டும் போதும். சுடுகிற படம் வேறு என்ன வைத்திருக்கிறாய்?

தம்பி: சுடுகிற படமா? இவ்வளவு நேரம் என்ன சொல்லிக்கொண்டிருந்தீர்கள்?

மாமா: எனக்கில்லை. உன் அத்தை அந்தப் போலீஸ் படத்தை முழுசாகப் பார்த்தாள் தம்பி. பேரனும் நானும் தூங்கப் போய்விட்டோம், நடுவில் இரண்டு தடவை கரண்ட் போய் வந்தது, அப்போதும் எழுந்திருக்காமல் இருட்டிலேயே உட்கார்ந்திருந்தாள். காலையில் டீ கொடுக்கும்போது, அந்த ஆள் சுடுகிற படம் இன்னும் இருந்தால் வாங்கிக்கொண்டு வாருங்கள் என்றாள். அவள் எதையும் வாங்கி வா என்று என்னிடம் கேட்டே வருஷக்கணக்காகிறது.

தம்பி: இதை வந்தவுடனே சொல்லியிருக்கலாமே.

மாமா: வந்தவுடனே சொன்னால் காசை எப்படித் திருப்பிக் கேட்பது?

தம்பி: 'சோனடீன்' தருகிறேன், 1993. ஒரு ரௌடிக் கூட்டம் கடற்கரையில் ஒளிந்திருக்கிறது. வேலை இல்லாத நேரத்தில் மணலில் குழி வெட்டி மூடி வைத்து ஒருத்தரை ஒருத்தர் விழ வைப்பார்கள்.

மாமா: விழுவார்களா!

தம்பி: விழுவார்கள். அப்புறம் செத்தும் போவார்கள். அது அத்தைக்குப் பிடிக்கும். 'ஸடோய்ச்சி'யும் ஏற்றுகிறேன், 2003, அதில் துப்பாக்கியைவிட வாள்தான் வேலை செய்யும். லேப்டாப்பில் சார்ஜ் இருக்கிறது, ஐந்து நிமிஷம் உட்காருங்கள். மூன்று படம், ஆயிரத்து ஐநூறு.

மாமா: பழைய ஐநூறைக் கழித்துக்கொள்.

தம்பி: எதற்கு?

மாமா: நான் பார்க்காமல் தூங்கின பாதிக்கு.

தம்பி: பாதிக்கு முழு ஐநூறா? சரி, அத்தைக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுவிடுகிறேன்.

மாமா: இந்தா, ஆயிரத்து ஐநூறு. எண்ணிப் பார்த்துக்கொள்.