பழைய யூ போல்ட்டை மீண்டும் போடலாமா?

"மரை நன்றாக இருந்தால் லாரியின் பழைய யூ போல்ட்டையே போடலாம், ஆக்ஸிலைப் பிடித்திருப்பது சென்டர் போல்ட்தான்" என்று சொல்வது ஆபத்தான தவறு. லாரியின் ஸ்பிரிங் பட்டைகளை ஆக்ஸிலோடு (சக்கரங்களைத் தாங்கும் அச்சு) சேர்த்து இறுக்குவதுதான் இந்த U வடிவ போல்ட். பட்டைகளின் நடுத் துளை வழியே செல்லும் சென்டர் போல்ட் அவற்றைக் கோத்து, அதன் தலை ஆக்ஸில் இருக்கையின் குழியில் அமர்ந்து இடத்தை நிலைநிறுத்துகிறதே தவிர, பிரேக் பிடிக்கும்போது ஆக்ஸிலை நகரவிடாமல் வைப்பது யூ போல்ட்டுகளின் இறுக்கம்தான். அது தளர்ந்தால் சென்டர் போல்ட் வெட்டுப்படும், பட்டையும் அந்தத் துளையருகே முறியக்கூடும். ஒருமுறை முழு டார்க்கில் (இறுக்கும் முறுக்கு விசையின் அளவு) இறுக்கிய போல்ட் நீண்டும் மரை சிதைந்தும் இருக்கக்கூடும் என்பதால், பார்வைக்கு நன்றாகத் தெரிந்தாலும் அதே டார்க்கில் பழைய பிடிமானம் கிடைக்கும் என்று நம்பவே கூடாது. புதியதை வாங்கும்போது கம்பியின் விட்டம், உள் அகலம், கால் நீளம் ஆகியவற்றோடு வளைவு உருண்டையா சதுரமா என்பதையும் ஆக்ஸிலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். நட்டுகளைக் குறுக்கு வரிசையில் படிப்படியாக இறுக்கி, சிறிது தூரம் பாரத்தோடு ஓட்டியபின் டார்க்கை மறுபடி சரிபார்ப்பது கட்டாயம்.