கேள்விப் பெட்டி

எங்கள் இலங்கையில் டெண்டருக்குக் கேள்வி என்று பெயர். வேறு ஊர்த் தமிழர் கேட்டால் சிரிப்பார்கள். நாங்கள் பத்திரிகையில் "கேள்வி அறிவித்தல்" பார்த்துப் பார்த்துச் சிரிக்க மறந்துவிட்டோம். ஓய்வுபெற்ற கணபதிப்பிள்ளை மாஸ்டர் மட்டும் மறக்கவில்லை. அல்லது, அது பகிடி என்றே அவருக்குத் தெரியாது. இரண்டில் எது என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

இடம்: திருகோணமலையில் ஒரு உள்ளூராட்சிச் சபை அலுவலகம். புதன்கிழமை, பொதுமக்கள் தினம், பகல் ஒன்றேகால் மணி. வெளியே கச்சான் காற்று நெருப்பாய் அடிக்கிறது. உள்ளே மின்விசிறி சுற்றுகிறது, காற்று வரவில்லை. முன்மேசையில் சுகந்தி இருக்கிறாள்.

மாஸ்டர்: பிள்ளை, ஒரு பற்றுச்சீட்டு வேண்டும்.

சுகந்தி: என்ன கட்டினீர்கள் மாஸ்டர்? வீட்டுக்கான சோலை வரியா?

மாஸ்டர்: ஒன்றும் கட்டவில்லை. கேள்வி போட்டேன்.

சுகந்தி: கேள்வியா! மாஸ்டர் எப்போதிருந்து கொந்தராத்து எடுக்கத் தொடங்கினீர்கள்?

மாஸ்டர்: கொந்தராத்தா? எனக்கேன் அந்தக் கரைச்சல்? நீங்கள்தானே அறிவித்தல் பலகையில் போட்டிருக்கிறீர்கள், "தகுதியுடையோரிடமிருந்து முத்திரையிடப்பட்ட கேள்விகள் கோரப்படுகின்றன" என்று. முப்பத்திரண்டு வருடம் வகுப்பில் கேள்வி கேட்டவன் நான். என்னைவிடத் தகுதியுடையோர் யார்?

சுகந்தி: ஐயோ மாஸ்டர், அது கடற்கரையில் சீமெந்து இருக்கை கட்டுவதற்கான கேள்வி.

மாஸ்டர்: இருக்கையைப் பற்றியும் கேட்டிருக்கிறேன். ஐந்தாவது கேள்வி. முத்திரையும் ஒட்டினேன், ஐம்பது ரூபா. உறையைக் கையில் கொண்டுவந்து பெட்டியில் போடுபவனுக்கு எதற்கு முத்திரை என்று யோசித்தேன்தான். அரசாங்கம் சொன்னால் காரணம் இருக்கும் என்று ஒட்டிவிட்டேன்.

சுகந்தி: அந்த முத்திரை இல்லை மாஸ்டர். அரக்கு முத்திரை. சரி, எந்தப் பெட்டியில் போட்டீர்கள்?

மாஸ்டர்: அந்தா, இரும்புப் பெட்டி. "கேள்விப் பெட்டி" என்று பெரிய எழுத்தில் எழுதியிருக்கிறது. இத்தனை வருடத்துக்குப் பிறகு பொதுமக்களுக்கு ஒரு பெட்டி வைத்திருக்கிறார்களே என்று எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

சுகந்தி: அதற்கு இரண்டு பூட்டு. இரண்டு திறப்பும் இரண்டு பேரிடம். ஒருவர் சாப்பிடப் போய்விட்டார். மற்றவர் அரைநாள் லீவு, இரண்டு மணிக்குத்தான் வருவார்.

மாஸ்டர்: ஊரின் கேள்விக்கு இவ்வளவு காவலா! நல்லது.

சுகந்தி: நல்லது இல்லை. உறையை எடுக்கச் சொல்லி நான் மேலே அறிவிக்க வேண்டும். உள்ளே என்ன எழுதியிருக்கிறீர்கள்?

மாஸ்டர்: காபன் பிரதி இருக்கிறது. (சட்டைப் பையிலிருந்து நாலாய் மடித்த தாளை எடுக்கிறார்.) முதலாவது கேள்வி. எங்கள் ஒழுங்கை முகப்பில் ஒரு குழி இருக்கிறது. அந்தக் குழி யாருடையது?

சுகந்தி: ஒழுங்கை என்றால் சபையுடையது.

மாஸ்டர்: குழி ஒழுங்கையில் ஒரு அடிதான் இருக்கிறது. மிச்சம் இரண்டு அடி பெரிய வீதியில்.

சுகந்தி: அப்போ அது எங்களுடையதில்லை. பெரிய வீதிகள் மத்திய அரசின் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கு, அதற்கு அடுத்தவை மாகாணத்துக்கு, ஒழுங்கைகள்தான் எங்களுக்கு.

மாஸ்டர்: தெரியும். மத்திக்குப் போனேன், வீதி எண்ணைக் கேட்டுவிட்டு மாகாணத்துக்கு அனுப்பினார்கள். மாகாண சபைக்கு யாரிடம் போவது? கிழக்கு மாகாண சபையின் காலம் 2017 செப்டெம்பரில் முடிந்தது, பிறகு தேர்தலே இல்லை. ஆளுநரிடம் போய் "ஐயா, ஒரு குழி" என்று சொல்லவா?

சுகந்தி: அந்த ஒரு அடியை நாங்கள் மூடித் தரலாம்.

மாஸ்டர்: ஒரு அடியை மூடினால் மற்ற இரண்டு அடியும் செங்குத்தாகிவிடும் பிள்ளை. இப்போது விழுபவன் சறுக்கித்தான் விழுகிறான். அந்த வசதியையும் கெடுக்காதீர்கள்.

சுகந்தி: (சிரிப்பை அடக்கி) இரண்டாவது?

மாஸ்டர்: சபை இல்லாத காலத்தைப் பற்றியது. 2023 பங்குனியில் உள்ளூராட்சிச் சபைகளுக்குக் காலம் முடிந்தது. தேர்தல் வைக்கக் காசில்லை என்றார்கள். 2025 மே 6ஆம் திகதிதான் வாக்குப் போட்டோம். இடையில் இரண்டு வருடம் வரி வாங்க மட்டும் ஆள் இருந்தது எப்படி?

சுகந்தி: செயலாளர்மார் பார்த்துக்கொண்டார்கள். சட்டப்படிதான்.

மாஸ்டர்: நானும் சட்டத்தைக் குறை சொல்லவில்லை. உறுப்பினர் இல்லாதபோதும் எங்கள் வீதி விளக்கு எரியவில்லை. உறுப்பினர் வந்த பிறகும் எரியவில்லை. வித்தியாசம் என்ன என்றுதான் கேட்டிருக்கிறேன்.

சுகந்தி: இப்போது யாரை ஏசுவது என்று தெரியும், மாஸ்டர்.

மாஸ்டர்: அட, இதை நான் யோசிக்கவில்லை. பேனை தாருங்கள், பிரதியில் விடையும் எழுதிவைக்கிறேன்.

(மூன்றாவதும் நான்காவதும் சந்தைக் குத்தகை பற்றியவை. நீளமானவை. வாசகருக்கு வேண்டாம், சுகந்திக்கும் வேண்டாமாக இருந்தது.)

மாஸ்டர்: ஐந்தாவது. இருக்கை. டச்சு பே கடற்கரையில் இருப்பதற்கு மணல் இருக்கிறது. மணலில் இருந்தால் பின்பக்கம் சுடும் என்று இருக்கை போடுகிறீர்கள். சீமெந்து மணலைவிடச் சுடாதா?

சுகந்தி: பின்னேரம் ஆறிவிடும்.

மாஸ்டர்: மணலும் ஆறிவிடுமே.

சுகந்தி: ஆறாவது என்ன?

மாஸ்டர்: குப்பைக் கூடை. முன்பு மூடியில்லாத கூடை வைத்தீர்கள். என்ன நடந்தது?

சுகந்தி: மான்.

மாஸ்டர்: மான்தான். கோட்டைக்குள் நின்ற புள்ளிமான்கள் இப்போது பஸ் நிலையம்வரை வருகின்றன. வெளியூரிலிருந்து கோணேசரைக் கும்பிட வருபவர்கள் மானைப் பார்த்துக் கும்பிட்டுப் படம் எடுக்கிறார்கள். அது வாயில் பொலித்தீன் பையுடன் படத்துக்கு நிற்கிறது. என் பார்வையில், இந்த ஊரில் குப்பைக் கூடையை ஒழுங்காகப் பாவிக்கும் ஒரே பிரஜை மான்தான்.

சுகந்தி: அதனால்தானே மூடியுள்ள கூடை வாங்கினோம்.

மாஸ்டர்: மூடியை மான் திறக்காது, சரி. மனிதனும் திறப்பதில்லையே! மூடிமேல் வைத்துவிட்டுப் போகிறான். முன்பு மான் குனிந்து சாப்பிட்டது, இப்போது மேசையில் வைத்ததுபோல நிமிர்ந்து சாப்பிடுகிறது. இதற்கு எவ்வளவு செலவு என்பதுதான் கேள்வி.

சுகந்தி: கணக்குப் பகுதியில் கேட்க வேண்டும். மாஸ்டர், உங்கள் ஒழுங்கைக்குக் குப்பை உழவு இயந்திரம் ஒழுங்காக வருகிறதுதானே?

மாஸ்டர்: வருகிறது. எப்போது என்றுதான் தெரியாது. போன கிழமை சத்தம் கேட்டதென்று உக்கும் குப்பை ஒரு கையில், உக்காத குப்பை மறு கையில் தூக்கிக்கொண்டு ஓடினேன். பாண்காரனின் ஓட்டோ. என்னைப் பார்த்துப் பயந்து அவன் நிற்பாட்டவே இல்லை. அன்றைக்குப் பாணும் இல்லை.

சுகந்தி: மற்றவை எல்லாம் சின்னக் கேள்விகளா?

மாஸ்டர்: ஒன்பதாவது பெரியது. எங்கள் ஒழுங்கைக்கு ஏன் மார்கழி மாதத்தில் தார் போடுகிறீர்கள்?

சுகந்தி: (குரல் தாழ்கிறது) காசு அப்போதுதான் வந்து சேரும்.

மாஸ்டர்: எங்கிருந்து?

சுகந்தி: மேலேயிருந்து.

மாஸ்டர்: மழையும் மேலேயிருந்துதான் வருகிறது. இரண்டும் ஒரே பஸ்ஸில் ஏறி வருகின்றனவா?

சுகந்தி: டிசெம்பர் 31க்குள் செலவழிக்காவிட்டால் காசு திரும்பிப் போய்விடும் மாஸ்டர்.

மாஸ்டர்: செலவழித்தால் தார் திரும்பிப் போகிறது! காலையில் ஒழுங்கையில் போட்டார்கள், பின்னேரம் வடிகானில் கிடந்தது. அடுத்த நாள் வடிகானைத் துப்புரவு செய்ய வேறு ஆட்கள் வந்தார்கள். அள்ளியதை ஒழுங்கையிலேயே கொட்டிவிட்டுப் போனார்கள். ஆக, ஒரே தாரை இரண்டு தரம் போட்டிருக்கிறீர்கள். இதற்கு ஒரு பில்லா, இரண்டு பில்லா?

சுகந்தி: அதை நான் சொல்லக்கூடாது.

மாஸ்டர்: ஒரு பில் என்றால் ஓம் என்று சொல்லியிருப்பீர்கள்.

சுகந்தி: மாஸ்டர், உள்ளதைச் சொல்கிறேன். டிசெம்பரில் கொழும்பில் மழை குறையத் தொடங்கிவிடும். வேலை செய்ய அருமையான மாதம். எங்களுக்கு அப்போதுதான் வாடைக்காற்றும் மாரியும். மே மாதம் அங்கே மழை பிடிக்கும்போது இங்கே கல்லே வெடிக்கிற வெயில். நாங்கள் தார் போட வேண்டிய காலம் அதுதான். அப்போது எங்களிடம் காசும் இராது, கடதாசி மட்டும் இருக்கும்.

மாஸ்டர்: அதைத்தான் நானும் எழுதியிருக்கிறேன். திருகோணமலைக்கு மட்டும் வருடத்தை ஆவணியில் முடிக்கச் சொல்லுங்கள். புதுவருடத்தைச் சித்திரையில் கொண்டாடுகிறோம், பள்ளிக்கூட வருடம் ஒருபோதும் சொன்ன திகதியில் தொடங்குவதில்லை. இன்னொரு வருடம் கூடினால் யாருக்கு நட்டம்?

சுகந்தி: இதைச் சட்டமாக்க நாடாளுமன்றம் போக வேண்டும்.

மாஸ்டர்: ஓட்டோவுக்கு எவ்வளவு கேட்பான்?

(இந்த இடத்தில் சுகந்தி தண்ணீர் குடித்தாள். மாஸ்டருக்கும் கொடுத்தாள். சாதாரணமாக அந்தக் கண்ணாடிக் குவளை பெரியவர்களுக்கு மட்டும் எடுப்பது.)

சுகந்தி: மாஸ்டர், இதற்கெல்லாம் ஒழுங்கான வழி இருக்கிறது. தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கம். தகவல் அலுவலருக்கு எழுதினால் 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று முடிவு சொல்லியாக வேண்டும்.

மாஸ்டர்: சொன்னார்கள். போன வருடம் கேட்டேன். பதின்மூன்றாம் நாளே கடிதம் வந்துவிட்டது. "மேற்படி ஒழுங்கை வேலை திருப்திகரமாக நிறைவுசெய்யப்பட்டுள்ளது" என்று படமும் இணைத்திருந்தார்கள்.

சுகந்தி: பிறகென்ன?

மாஸ்டர்: படத்தில் இருந்தது எங்கள் ஒழுங்கை இல்லை. எங்கள் ஒழுங்கையில் வெள்ளை நாய் கிடையாது.

சுகந்தி: படம் மாறிப்போயிருக்கும். மேன்முறையீடு செய்யலாமே.

மாஸ்டர்: நாய்க்கு எதிராகவா? அந்த ஒழுங்கையைத் தேடி உவர்மலைவரை நடந்தேன் பிள்ளை. நாயையாவது கண்டுபிடித்தால் ஒழுங்கை கிடைக்குமே என்று. முழங்கால் நோவு வந்ததுதான் மிச்சம்.

சுகந்தி: கடைசிக் கேள்வியைச் சொல்லுங்கள், எழுதிக்கொள்கிறேன்.

மாஸ்டர்: பதினான்காவது. சோலை வரி. முதலில், இதற்குச் சோலை என்று பெயர் வைத்தவர் யார்? என் வீட்டில் இருப்பது ஒரு முருங்கை. அதற்கும் மயிர்க்கொட்டி.

சுகந்தி: வரி மரத்துக்கு இல்லை, வீட்டின் ஆண்டுப் பெறுமதிக்கு.

மாஸ்டர்: அதைச் சொல்லித்தான் கூட்டினார்கள். மதிப்பிட வந்தவர் மொட்டை மாடியில் ஏறி, "கடல் தெரிகிறதே ஐயா" என்றார். நான் பெருமையாய், "ஓம், துறைமுகமும் தெரியும்" என்றேன். வாய் சும்மா இருந்திருக்கலாம்.

சுகந்தி: கடல் தெரிந்தால் வாடகை கூடும், வாடகை கூடினால் பெறுமதி கூடும். கணக்குச் சரிதானே.

மாஸ்டர்: கணக்குச் சரி. கடல் சபையுடையதா? சரி, விடுங்கள். வருடம் முழுவதற்குமான வரியை ஜனவரி 31க்குள் கட்டினால் பத்து வீதம் கழிவு என்றீர்கள். கட்டினேன். கழிவு 184 ரூபா. கட்ட வந்துபோன ஓட்டோ 400 ரூபா. நான் கேட்பது இவ்வளவுதான்: என்னுடைய வரி ரூபா 1,840. இதில் எத்தனை ரூபா என் ஒழுங்கைக்கு வந்தது? ஒரு ரூபா வந்திருந்தாலும் போதும், அது எந்தக் கல்லில் கிடக்கிறது என்று காட்டினால் தினமும் ஒரு தரம் போய்ப் பார்ப்பேன்.

(கொஞ்ச நேரம் இருவரும் பேசவில்லை. மின்விசிறி மட்டும் பேசியது.)

சுகந்தி: மாஸ்டர், அந்த உறையை இன்றைக்கு எடுக்க முடியாது. இரண்டு மணிக்குக் கேள்வி முடிவு. முடிந்த கையோடு திறப்பார்கள். கேள்வி போட்டவர்கள் எல்லோரும் இருப்பார்கள், குழு இருக்கும். உங்களுடைய உறையையும் எல்லார் முன்னாலும் திறப்பார்கள். எனக்குத்தான் பேச்சு விழும்.

மாஸ்டர்: திறந்து?

சுகந்தி: பெயரையும் தொகையையும் சத்தமாக வாசிப்பார்கள். அறிக்கையில் பதிவார்கள். அதுதான் ஒழுங்கு.

மாஸ்டர்: எல்லார் முன்னாலும்? சத்தமாக?

சுகந்தி: ஓம். ஏன்... மாஸ்டர், நீங்கள் தொகை ஏதும் எழுதினீர்களா?

மாஸ்டர்: ஒரே ஒரு தொகைதான். ரூபா 1,840. பதினான்காவது கேள்வியில், கடைசி வரிக்குக் கிட்ட.

சுகந்தி: (மெதுவாக) அப்போ தொகையைத் தேடி முதல் வரியிலிருந்து வாசித்துக்கொண்டுதான் வரவேண்டும்.

மாஸ்டர்: குழியிலிருந்து?

சுகந்தி: குழியிலிருந்து, மான், தார் எல்லாம் தாண்டி.

மாஸ்டர்: மேலே அறிவிக்கப் போவதாகச் சொன்னீர்கள்.

சுகந்தி: சாப்பாட்டு நேரம்தானே. ஆட்கள் இல்லை. நீங்கள் அந்த வாங்கில் இருங்கள். கேள்வி போட்டவர் திறக்கும்போது இருக்கலாம், உரிமை இருக்கிறது.

(மாஸ்டர் வாங்கில் அமர்கிறார். வேட்டியைச் சரிசெய்கிறார். சுகந்தி மணிக்கூட்டைப் பார்க்கிறாள், பத்து நிமிடம் இருக்கிறது. ஒரு வெள்ளைத் தாளை எடுத்துக்கொண்டு வாங்குக்குக் கிட்ட வருகிறாள்.)

சுகந்தி: மாஸ்டர், எங்கள் ஒழுங்கையிலும் விளக்கு எரிவதில்லை. வேலை முடிந்து இருட்டில்தான் போகிறேன். நான் எழுதினால் சரியில்லை, இங்கே வேலை செய்கிறேன்.

மாஸ்டர்: (சட்டைப் பையைத் தடவி) ஐம்பது ரூபா முத்திரை இன்னொன்று இருக்கிறது. ஒழுங்கையின் பெயரைச் சொல்லுங்கள்.