வெட்டாத முழுப் பதிவைக் கேளுங்கள்
காயத்துக்கு இழப்பீடு கேட்டு வழக்குப் போட்டவரை எதிர்த்தரப்பு ரகசியமாகக் கண்காணித்து, அவர் பை தூக்கும் வீடியோவைக் காட்டினாலே வழக்கு முடிந்தது என்று ஒரு கட்டுரை சொல்கிறது. அது பாதிதான் சரி. 4 நாள் பின்தொடர்ந்து 4 நிமிடம் மட்டும் காட்டினால், மிச்சம் எங்கே? வெட்டாத முழுப் பதிவையும், கண்காணித்தவர் மணிவாரியாக எழுதிய குறிப்பையும் வக்கீல் மூலம் கேளுங்கள். கேமராவில் தேதி, நேரம் சரியாக வைத்திருந்தார்களா என்றும் பாருங்கள். பைக்குள் தலையணையா, இரும்பா என்பது வீடியோவில் தெரியாது. ஒரு தடவை குனிவது வேறு, 8 மணி நேரம் குனிந்து வேலை பார்ப்பது வேறு. மறுநாள் வலியில் படுத்துக் கிடந்ததைக் கேமரா எடுத்திருக்காது.

ஆனால் பலரைக் கவிழ்ப்பது, மருத்துவரிடம் "கையைத் தூக்கவே முடியாது" என்று சொல்லிவைத்த அந்த ஏகாரம்தான். "தூக்கலாம், 10 நிமிடத்தில் வலி வந்துவிடும்" என்று பதிவாகியிருந்தால் அதே வீடியோவால் பெரிய சேதம் இருக்காது.