சைப்ரஸ்: 2004-இல் "வேண்டாம்" என்றது யார்?

சைப்ரஸ் தீவின் வடக்கில் துருக்கிய சைப்ரியட்டுகளும் தெற்கில் கிரேக்க சைப்ரியட்டுகளும் பிரிந்து வாழ்கிறார்கள். இரு பகுதிகளையும் மீண்டும் ஒன்றாக்க 2004-இல் ஐ.நா. கொடுத்த திட்டத்தைத் துருக்கிய சைப்ரியட் மக்கள் நிராகரித்ததால்தான் தீவு இன்னும் பிரிந்து கிடக்கிறது என்று பலர் எழுதுகிறார்கள். நடந்தது இதற்கு நேர்மாறு.

அப்போதைய ஐ.நா. பொதுச் செயலாளர் கோஃபி அன்னான் பெயரில் அறியப்படும் அந்தத் திட்டம் 2004 ஏப்ரல் 24 அன்று வடக்கிலும் தெற்கிலும் தனித்தனியாக வாக்கெடுப்புக்கு விடப்பட்டது. இரு பக்கமும் ஏற்றால்தான் செல்லும். துருக்கிய சைப்ரியட் தரப்பில் சுமார் 65 சதவீதம் பேர் ஆதரித்தார்கள். கிரேக்க சைப்ரியட் தரப்பில் சுமார் 76 சதவீதம் பேர் எதிர்த்தார்கள். திட்டம் அத்தோடு முடிந்தது.

குழப்பம் வருவதும் இயல்புதான். துருக்கிய சைப்ரியட் தலைவர் ரவூஃப் டெங்க்டாஷ் இதைக் கடுமையாக எதிர்த்தவர். 2003 மார்ச்சில் இந்தத் திட்டம் பற்றி நெதர்லாந்தின் ஹேக் நகரில் நடந்த பேச்சுவார்த்தை முறிந்ததில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. ஆனால் மறு ஆண்டு அவருடைய மக்களே அவர் பேச்சைக் கேட்கவில்லை. தெற்கிலோ, அதிபர் டாசோஸ் பாபடோபுலோஸ் தொலைக்காட்சியில் தோன்றி, திட்டத்தை நிராகரிக்கும்படி கேட்டுக்கொண்டார். கிரேக்க சைப்ரியட்டுகள் எதிர்த்ததற்கு அவர்களுக்கென்று காரணங்கள் இருந்தன, துருக்கியப் படைகள், சொத்துரிமை என்று. அது தனி விவாதம், இங்கே வேண்டாம்.

என் பேச்சை அப்படியே நம்ப வேண்டியதில்லை. ஐ.நா. இணைய ஆவணக் காப்பகத்தில் எஸ்/2004/437 என்ற எண்ணை ஆங்கில எழுத்தில் இட்டுத் தேடுங்கள். 2004 மே 28 தேதியிட்ட பொதுச் செயலாளரின் அறிக்கை வரும், இரு பக்க முடிவுகளும் அதிலேயே இருக்கின்றன.