முடவாட்டுக்காலும் பெரணிதான்

பூவும் விதையும் இல்லாமல் பெருகும் தாவரங்கள் பற்றிய உங்கள் கட்டுரையில் பெரணியைப் (fern) பற்றி நன்றாக எழுதியிருக்கிறீர்கள். நம்மவர்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒரு பெரணி விட்டுப்போயிற்று. கொல்லிமலை, ஏற்காடு பக்கம் சூப்புக்கு விற்கிறார்களே, முடவாட்டுக்கால் கிழங்கு, அதுதான். பழுப்பு முடி மூடி ஆட்டுக்கால் மாதிரியே இருக்கும். பாறையிலும் மரத்திலும் ஒட்டிப் படரும் அதன் தண்டைத்தான் கிழங்கு என்கிறோம்.

அதில் இரண்டு வகை இலை உண்டு. அடியில் காகிதம்போல் காய்ந்து நிற்கும் குட்டை இலைகள் சருகைப் பிடித்துவைத்து உரமாக்கித் தரும். நீண்ட பச்சை இலையைத் திருப்பிப் பார்த்தால் முதுகில் புள்ளி புள்ளியாக இருக்கும். நோய் என்று நினைத்துவிட வேண்டாம், விதைக்குப் பதிலாகப் பெரணியைப் பெருக்கும் தூள் போன்ற ஸ்போர்கள் அங்கேதான் இருக்கின்றன. முற்றிய இலையை வெள்ளைத் தாளில் இரண்டு நாள் கவிழ்த்து வைத்தேன். மெல்லிய தூள் கோடு கோடாகப் படிந்திருந்தது.

ஸ்போர் விழுந்ததும் நேராகப் பெரணி முளைத்துவிடாது. முதலில் நகத்தைவிடச் சிறிய, இதய வடிவப் பச்சைத் தகடு ஒன்று வரும். ஆண் அணு ஈரத்தில் நீந்திப் போய் அதிலுள்ள முட்டையைச் சேர்ந்த பிறகுதான் புதுச் செடி. அந்த ஒரு சொட்டு ஈரம் இல்லையென்றால் அத்தனை தூளும் வீண்.

கிழங்கு எடுப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள்: தண்டை முழுவதும் பெயர்க்காமல், இலையோடு ஒரு துண்டைப் பாறையிலேயே விட்டுவிடுங்கள். அது மறுபடி படரும்.